எலுமிச்சை முட்டையை வேக வைக்காது: லெமன் கர்ட் பற்றி ஒரு த்ரெட்

மக்களே, இன்னைக்கு லெமன் கர்ட் பற்றி ஒரு நீளமான த்ரெட். ஆமா, சமையல்தான். ஆனா எழுதுறது ஜிஎச் ஓபியில் உட்கார்ந்திருக்கிற ஒரு எம்பிபிஎஸ். அதனால நடுவுல வயிற்றுப்போக்கு வரும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க முடிச்சுட்டு வாங்க.

முதல்ல பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடறேன். இதுல கர்ட்னா தயிர் இல்லை. எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ, "எலுமிச்சம்பழத்தைத் தயிர்ல பிழிவாங்களா? யார்டா உனக்குச் சொன்னது?"ன்னு கேட்டாங்க. முட்டை, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, வெண்ணெய் நாலையும் சேர்த்து மெதுவா சூடாக்கினா கெட்டியா, மஞ்சளா, புளிப்பும் இனிப்புமா ஒரு பதார்த்தம் வரும். பிரெட்ல தடவலாம், கேக் நடுவுல வைக்கலாம். இங்கிலாந்துக்காரங்க பண்டம். இப்போ கோவிலம்பாக்கம் அபார்ட்மென்ட் வரைக்கும் ரீல்ஸ் வழியா வந்து சேர்ந்தாச்சு.

வந்தது சந்தோஷம்தான். வந்த வழியில் "சூடாக்கி" என்ற ஒரு வார்த்தை மட்டும் எங்கேயோ விழுந்துடுச்சு. அந்த வார்த்தைக்காகத்தான் இந்த த்ரெட்.

எங்க பக்கத்து பிளாக்ல ஒரு பிறந்தநாள். (அந்த வீட்டுக்காரங்க அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதறேன், அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) அக்கா ஒருத்தங்க கண்ணாடி டம்ளர்ல அடுக்கடுக்கா ஒரு லெமன் டெசர்ட் செஞ்சிருந்தாங்க. கண்டென்ஸ்டு மில்க், முட்டை மஞ்சள் கரு, எலுமிச்சைச் சாறு. அடுப்பே பத்த வைக்கலை. கலக்கின உடனே கெட்டியாயிடுச்சு. "எலுமிச்சை பிழிஞ்சாச்சுல்ல, அதுலயே வெந்துடும்"னு ரீல்ல சொன்னாங்களாம். பார்க்கவும் வெந்த மாதிரியேதான் இருந்திருக்கு.

மறுநாள் சாயங்காலத்துக்குள்ள நாலு பேருக்குக் காய்ச்சல், வயித்து வலி, பேதி. மூணு பேர் ஓஆர்எஸ் குடிச்சு வீட்டிலேயே தேறிட்டாங்க. நாலாவது ஆள் பாட்டி. 68 வயசு, பிபி மாத்திரையோட நீர் மாத்திரையும் சேர்த்து எடுக்கிறவங்க. பேதி போய்க்கிட்டே இருக்கு, மாத்திரையையும் தவறாம போட்டிருக்காங்க. ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினப்போ மத்தியானத்துல இருந்து சிறுநீரே போகலைன்னு சொன்னாங்க. மெட்ரோ வேலை நடக்கிற மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஆட்டோவில் ஊர்ந்து போய் அட்மிட் பண்ணினோம். கிரியேட்டினின் ஏறியிருந்தது. ரெண்டு நாள் டிரிப்ஸ். நல்லபடியா இறங்கி வீட்டுக்கு வந்துட்டாங்க.

முட்டைதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மலப் பரிசோதனைக்கு கல்ச்சர் யாரும் அனுப்பலை. அந்த விருந்தில் பிரியாணியும் இருந்தது. ஆனா அந்த டம்ளரைத் தொடாத யாருக்கும் ஒன்னும் ஆகலை. என் சந்தேகம் எங்கே போகும்னு நீங்களே சொல்லுங்க.

அக்கா அழுதுட்டாங்க. அவங்க சொன்ன ஒரு வரி எனக்கு மறக்கவே இல்லை. "கடையில வாங்கினா கெடுதல்னுதானே வீட்டுல செஞ்சேன்?"

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டது. தயாரிக்க, சேமிக்க, விற்க எதுவும் கூடாது. கேரளா 2023 ஜனவரியிலேயே செய்தது, தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியில். உணவுப் பாதுகாப்புத் துறை அதைச் செய்தது சரி, நான் ஆதரிக்கிறேன். ஆனா மக்கள் அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு ஓபியில் பேசிப் பார்த்தேன். "கடை மயோனைஸ் கெட்டது, வீட்டுல மிக்ஸியில அடிச்சா நல்லது." இதுதான் பெரும்பாலும் மனசுல பதிஞ்சிருக்கு.

தப்பு, மக்களே. தடை கடைக்குப் போட்டதே தவிர, பிரச்சினை கடையில் இல்லை. பச்சை முட்டையில் இருக்கு. ஷவர்மா கடை முட்டையும் உங்க வீட்டு முட்டையும் ஒரே நாமக்கல் லாரியில் வந்ததா இருக்கலாம். சால்மோனெல்லாவுக்கு உங்க கிச்சன் எவ்வளவு பளபளன்னு இருக்குன்னு தெரியாது. அரசாங்கம் ஷட்டரை இறக்கலாம், நம்ம வீட்டு மிக்ஸியை யார் வந்து நிறுத்துவாங்க?

சால்மோனெல்லா முட்டைக்குள்ள எப்படிப் போகும்? ரெண்டு வழி. கோழி எச்சம் ஓட்டில் பட்டு அங்கிருந்து உள்ளே போவது ஒன்று. இன்னொன்னுதான் மோசம்: சில வகைக் கிருமி கோழியின் கருவகத்திலேயே இருக்கும், ஓடு உருவாகும் முன்னாடியே முட்டைக்குள்ள போயிடும். அப்படிப்பட்ட முட்டை வெளியே சுத்தமா இருக்கும். நாறாது. தண்ணியில் போட்டா மிதக்காது. மிதக்கிற டெஸ்ட் முட்டை பழசா புதுசான்னுதான் சொல்லும், கிருமி இருக்கான்னு சொல்லாது.

எல்லா முட்டையிலும் இருக்கான்னா, இல்லை. பெரும்பாலான முட்டைகளில் இருக்காது. அதனாலதான் "நான் இருபது வருஷமா பச்சை முட்டை குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்கிறவர் எல்லா ஜிம்மிலும் ஒருத்தர் இருக்கார். அவருக்கு ஒரு தகவல்: பச்சை முட்டைப் புரதத்துல பாதி அளவுதான் உடம்பு எடுத்துக்கும், வேக வச்சா 90 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கும். ரிஸ்க்கும் எடுத்து, புரதத்தையும் வீணாக்கி... சரி விடுங்க. பெரிய மனுஷி ஆன பொண்ணுங்களுக்கு நல்லெண்ணெயோட பச்சை முட்டை கொடுக்கிற வழக்கத்துக்கும் இதே பதில்தான். முட்டை கொடுங்க, நிறைய கொடுங்க, வேக வச்சுக் கொடுங்க.

"ஆனா அந்த வெள்ளைக்காரங்க வீடியோல பச்சையாத்தானே போடறாங்க?" இந்தக் கேள்வியும் வரும். அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1988 டிசம்பர்ல பிரிட்டன் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லா பாதிப்போட இருக்குன்னு சொன்னார். முட்டை விற்பனை சரிஞ்சது, ரெண்டு வாரத்துல அவர் பதவியும் போச்சு. ஆனா அதுக்கப்புறம் அவங்க கோழிகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க. அந்த விதிகளுக்கு உட்பட்ட முட்டையில் சிங்க முத்திரை வச்சாங்க. 2017 அக்டோபர்ல, அந்த முத்திரை இருக்கிற முட்டையை மட்டும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடா சாப்பிடலாம்னு அவங்க உணவுத் தர அமைப்பு சொன்னது. கிட்டத்தட்ட முப்பது வருஷ வேலை. நாம தெருமுனைக் கடையில் அட்டைத் தட்டிலிருந்து எடுத்துட்டு வர்ற முட்டையில் அப்படி எந்த முத்திரையும் கிடையாது. அவங்க ரெசிபியை எடுத்துக்கலாம், அவங்க முட்டை மேல இருக்கிற நம்பிக்கையை எடுத்துக்க முடியாது.

இப்போ எலுமிச்சைக்கு வருவோம்.

பாலில் எலுமிச்சை பிழிஞ்சா திரியும். திரிஞ்ச பாலைக் காய்ச்சின பால்னு யாராவது சொல்வோமா? அதே கதைதான் முட்டையிலும், கண்டென்ஸ்டு மில்க்கிலும். அமிலம் புரதத்தோட வடிவத்தை மாத்தும். அதனால கெட்டியாகும், நிறம் மாறும், வெந்த மாதிரி தெரியும். உள்ளே இருக்கிற கிருமி செத்துதான்னு அந்தக் கெட்டித்தன்மையை வச்சுச் சொல்ல முடியாது. அமிலத்துக்குக் கிருமியைத் தடுக்கிற சக்தி இல்லைன்னு சொல்லலை. இருக்கு. ஆனா எவ்வளவு சாறு, எவ்வளவு நேரம், எவ்வளவு கிருமி என்பதைப் பொறுத்த விஷயம் அது. நம்ம வீட்டுல அதை அளக்க வழியில்லை.

"எலுமிச்சை ஊறுகாய் வருஷக்கணக்கா கெடாம இருக்கே?" இருக்கு. அதுல அள்ளிப் போடற உப்பை மறந்துட்டீங்க. ஊறுகாயைக் காப்பாத்துறதுல பெரிய பங்கு உப்புக்கு. பேரை எலுமிச்சை வாங்கிக்குது. ஜாம் கெடாம இருக்க, எடையில் மூணில் ரெண்டு பங்கு சர்க்கரை வேணும். லெமன் கர்ட்ல அந்த அளவு சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. முட்டையும் வெண்ணெயும் இருக்கு. ஊறுகாய் ஜாடி பக்கத்துல ஷெல்ஃப்ல வைக்கிற ஐட்டமே இல்லை இது.

சரி, அப்போ எப்படிச் செய்றது? எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஒழுங்கான லெமன் கர்ட்ல சுவைக்குத் தேவையான சூடும் பாதுகாப்புக்குத் தேவையான சூடும் ஒன்னுதான். முட்டை உணவுகள் 71 டிகிரி செல்சியஸைத் தொடணும்னு அமெரிக்க வேளாண் துறை சொல்லுது. கர்ட் நல்லா கெட்டியாகிறது 75 முதல் 80 டிகிரிக்குள்ள. அதாவது பதம் சரியா வந்தாலே பாதுகாப்பும் வந்துடும்.

நான் எடுக்கிற அளவு: முழு முட்டை 3, சர்க்கரை 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், சாறு 100 மில்லி. ரெசிபியில் "3 லெமன்"னு போட்டிருந்தா நம்பாதீங்க. அது அவங்க ஊர்ப் பெரிய பழம். நம்ம எலுமிச்சை சின்னது, மெல்லிசுத் தோல். 6 அல்லது 7 பழம் வேணும். புளிப்பு நம்மளுது தூக்கல், அதனால கர்ட் இன்னும் நல்லாவே வரும். தோலைத் துருவினா பச்சை, மஞ்சள் மேல்பகுதி மட்டும். வெள்ளை வந்துட்டா கசக்கும்.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடி. அலுமினியம் வேண்டவே வேண்டாம், புளிப்புக்கு அது கரைஞ்சு உலோக வாடை அடிக்கும். முட்டை, சர்க்கரை, சாறு மூணையும் குளிர்ந்த நிலையிலேயே நல்லா அடிச்சுக் கலக்குங்க. அடியில் ஒரு பாத்திரத்துல தண்ணியைக் கொதிக்க விட்டுத் தீயைக் குறைங்க. அது மேல கலவைக் கிண்ணம். தண்ணி கிண்ணத்தோட அடியைத் தொடக்கூடாது, ஆவி மட்டும் படணும். விடாம கிளறணும். பத்து நிமிஷம் பக்கம் ஆகும். போனைத் தூரமா வச்சுடுங்க.

மோர்க்குழம்பு வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இது தானா வரும். அதே பயம்தான். கொதிக்க விட்டா திரிஞ்சுடும், அவசரப்பட்டு இறக்கினா பச்சை வாடை. மோர்க்குழம்புல நுரை கட்டி வரும்போது இறக்கறோம் இல்லையா, இங்கே கரண்டியோட பின்பக்கத்தைப் பார்க்கணும். கர்ட் அதுல கோட்டிங்கா ஒட்டி நிக்கணும். விரலால் ஒரு கோடு இழுத்தா கோடு அப்படியே இருக்கணும், வழிஞ்சு மூடக்கூடாது.

ஆனா என் சிபாரிசு, ஒரு கிச்சன் தெர்மாமீட்டர் வாங்கிடுங்க. ஆன்லைன்ல சில நூறு ரூபாய். (போன தடவை ஒருத்தர் டிஎம்ல "ஜுரம் பார்க்கிறதை வைக்கலாமா டாக்டர்?"னு கேட்டார். அது 42 டிகிரிக்கு மேல போகாதுங்க. பழைய பாதரசத் தெர்மாமீட்டரா இருந்தா உடைஞ்சு பாதரசம் கர்ட்ல கலக்கும். தயவுசெஞ்சு வேண்டாம்.) 75ஐத் தாண்டினதும் இறக்கி, வெண்ணெயைத் துண்டு துண்டா போட்டுக் கலக்கி, வடிகட்டுங்க. முதல் தடவை எனக்கு 85க்கு மேல போய் முட்டைப் பொரியல் வாசத்துல ஒரு எலுமிச்சைக் கூழ் கிடைச்சது. என் பொண்ணு மரியாதைக்கு ஒரு ஸ்பூன் சாப்பிட்டா.

இறக்கினப்புறம் நடக்கிறதுதான் நம்ம ஊருக்கு முக்கியம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல கிருமிகள் பெருகும். நம்ம சமையலறை மே மாசம் 35ல நிக்குது. சமைச்ச உணவு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும்னு சொல்வாங்க, ஆனா 32 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கிற ஊருக்கு அது ஒரு மணி நேரம்தான். சென்னைக்கு அந்த ரெண்டாவது கணக்குதான். கிண்ணத்தை ஐஸ் தண்ணியில் வச்சுக் கிளறினா சீக்கிரம் ஆறும். சுத்தமான, ஈரமில்லாத பாட்டில்ல போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காம உள்ளே தள்ளி வைங்க. என் வீட்டுக் கணக்கு ஒரு வாரம். பாட்டில் மேல தேதி எழுதிடுவேன். கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க. மூடியே இருந்தா சுமார் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். அதுக்கு மேல போச்சுன்னா கர்ட்டைக் கொட்டிடுங்க. 100 கிராம் வெண்ணெய் போச்சேன்னு மனசு வலிக்கும், எனக்கும் வலிச்சிருக்கு.

அடுப்பே பத்த வைக்காம டெசர்ட் வேணுமா? தாராளமா செய்ங்க. கண்டென்ஸ்டு மில்க், ஃப்ரெஷ் க்ரீம், எலுமிச்சை. முட்டையை மட்டும் விட்டுடுங்க. முட்டை இல்லாமலேயே அது கெட்டியாகும். அந்த அக்கா செஞ்சதுல முட்டைக்கு வேலையே இல்லை, அதுதான் கொடுமை. முட்டை சாப்பிடாத வீடுகளில் கார்ன்ஃப்ளோர் கரைச்சு ஊத்திக் காய்ச்சியும் செய்யலாம், சுவை கொஞ்சம் கம்மி.

அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்ல "ஹோம்மேட், நோ ப்ரிசர்வேட்டிவ்ஸ்"னு போட்டு பாட்டில்ல விக்கிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ப்ரிசர்வேட்டிவ் இல்லைங்கிறதைப் பெருமையா சொல்றீங்க. எனக்கு அது எச்சரிக்கை மாதிரி கேட்குது. எந்தத் தேதியில் செஞ்சது, எத்தனை டிகிரிக்குச் சூடாக்கினது, டெலிவரி பையன் பையில் ஐஸ் இருந்ததா? வாங்கறவங்க இதைக் கேட்கிறது தப்பில்லை, கேளுங்க. வீட்டிலிருந்து விற்கிறவங்களும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்துல பதிவு செய்யணும். உங்களைப் பிடிச்சுக் கொடுக்கிறதுக்காக இதைச் சொல்லலை. ஒரு பாட்டில்ல தப்பு நடந்தா எந்த பேட்ச்னு உங்களுக்காவது தெரியணும்.

இவ்வளவு பார்த்தும் பேதி வந்துட்டா? பெரும்பாலும் ஆறு மணி நேரத்துலேர்ந்து மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கும். ஒரு வாரத்துக்குள்ள தானா சரியாகும். ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவையில்லை, மெடிக்கல் ஷாப்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டுன்னா ஒரு லிட்டர் தண்ணி, ஒரு டம்ளர்ல கலக்கக்கூடாது. அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைக்குக் கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துல ரெண்டுமே இலவசம். பேதியை நிறுத்தற மாத்திரை குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

மலத்துல ரத்தம், குறையாத காய்ச்சல், குடிச்சதெல்லாம் வாந்தி, சிறுநீர் குறையறது, ஆள் சோர்ந்து மயங்கற மாதிரி இருக்கிறது, இதுல ஏதாவது ஒன்னு இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறவங்கன்னா அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீங்க. 108 இருக்கு.

அந்தப் பாட்டி விஷயத்துல நடந்ததை உங்க வீட்டுலயும் பாருங்க. நீர் மாத்திரை, டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரை, மெட்ஃபார்மின் எடுக்கிற பெரியவங்களுக்குக் கடுமையான பேதி வந்தா, அன்னைக்கே உங்க டாக்டருக்குப் போன் பண்ணி "இன்னைக்கு இந்த மாத்திரையைப் போடலாமா?"ன்னு கேளுங்க. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், கேட்காம போட்டுக்கிட்டே இருக்கவும் வேண்டாம். உடம்புல தண்ணி வத்திக் கிடக்கும்போது அந்த மாத்திரைகள் கிட்னியைச் சிரமப்படுத்தலாம்.

கமென்ட்ல கண்டிப்பா வரப்போற கேள்விக்கு இப்பவே பதில். "சுகர் இருக்கு, லெமன் கர்ட் சாப்பிடலாமா?" ஒரு பெரிய ஸ்பூன்ல சுமார் 6, 7 கிராம் சர்க்கரை இருக்கு. என்னைக்காவது ஒரு ஸ்பூன், சாப்பாட்டுக் கணக்குல சேர்த்துச் சாப்பிடுங்க. பாட்டிலும் ஸ்பூனுமா டிவி முன்னாடி உட்காராதீங்க. நாட்டுச் சர்க்கரை போட்டாலும் பதில் மாறாது, கர்ட் நிறம்தான் மாறும்.

அக்கா போன ஞாயித்துக்கிழமை மறுபடி செஞ்சாங்க. இந்தத் தடவை அடுப்புல, என் தெர்மாமீட்டரை இரவல் வாங்கிட்டுப் போய். பாட்டில் மூடியில் ஸ்கெட்ச் பென்ல தேதி, அது பக்கத்துல "78°". பாட்டி ஒரு ஸ்பூன் வாயில் வச்சுட்டு, "புளிப்பு கம்மியா இருக்கு"ன்னாங்க.

தெர்மாமீட்டர் இன்னும் திரும்பி வரலை. மத்த கேள்விகளுக்கு நாளைக்கு ஓபி முடிச்சு சாயங்காலம் பதில் போடறேன்.